விதி தொடக்கம், மனிதரே பிரமாணம்

 

சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய ஜனங்கள், இன்று அக்காரியங்களில் பலவற்றைக் கைப்பேசித் திரையிலேயே முடித்துக்கொள்ளும் காலம் வந்திருக்கிறது. நடக்க இயலாதவருக்கும், பார்வையற்றவருக்கும், வரிசையில் நிற்க வலுவிழந்த முதியவருக்கும் மற்றெவரையும்விட அதிகமாகப் பயன்பட்டிருக்க வேண்டிய இந்தச் சௌகரியம், அவர்களுக்கே எட்டாதபடி அமைந்துவிடுமானால், அந்தக் குற்றம் அதை அமைத்த நம்மையே சாரும். அதைப் போக்க விதிகள் எவ்வளவு தூரம் உதவும், அவை நின்றுவிடும் இடத்தில் நாம் செய்ய வேண்டியது யாது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

பிரெஞ்சு தேசத்தோடு நெடுநாள் உறவுடைய இந்தப் புதுச்சேரியில், அந்நாட்டின் புதல்வர் ஒருவரை நினைவுகூர்வது பொருத்தமாகும். பார்வையற்றோர் விரலால் தடவிப் படிப்பதற்கென்று சார்ல்ஸ் பார்பியே என்பவர் பன்னிரண்டு புள்ளிகளைக் கொண்ட எழுத்துமுறை ஒன்றை வகுத்தார். நல்லெண்ணத்தோடு வகுத்த முறைதான். ஆயினும் பன்னிரண்டு புள்ளிகள் ஒரு விரல் நுனிக்குள் அடங்கவில்லை. பார்வையிழந்த மாணவராகிய லூயி பிரெய்ல், 1824-ஆம் ஆண்டில், தம்முடைய பதினைந்தாம் வயதில், அதனை ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். பார்வையுள்ளவர் வகுத்த முறையைப் படிக்கும் விரலே திருத்திக்கொண்ட அந்த நிகழ்ச்சியிலே, இன்றைய இணையதளங்களுக்கு வேண்டிய பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

விதிகளுக்குப் பஞ்சமில்லை. வலையுலகின் பொது நியமங்களை வகுக்கும் டபிள்யூ த்ரீ சி என்னும் சர்வதேச அமைப்பு 1999-இல் தன் முதல் அணுகல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, 2008, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் அவற்றைப் புதுப்பித்தது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு 4.5-க்கு 1 என்ற அளவுக்குக் குறையக்கூடாது, படங்களுக்கு, அவற்றில் இருப்பதைச் சொல்லும் மாற்று உரை வேண்டும், சுட்டியைத் தொடாமல் விசைப்பலகையாலேயே எல்லாக் காரியமும் நடக்க வேண்டும் என்றெல்லாம் அவை பேசுகின்றன. இந்திய அரசும் தன் இணையதளங்களுக்கென 2009-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

இருந்தும் விதியின் எழுத்தைக் காப்பாற்றி அதன் ஜீவனைக் கைவிடுவது எளிது. படத்துக்கு மாற்று உரை வேண்டும் என்ற நியமத்துக்கு, "படம்" என்று ஒரே சொல்லை எழுதிவைத்தால் சோதனை இயந்திரம் தேர்ச்சி அளித்துவிடும். திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பானின் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கும் பார்வையற்றவருக்கோ ஒன்றும் விளங்காது. தமிழுக்கு இதிலே தனித் துன்பமும் உண்டு. ஆளுக்கொரு குறியாக்கத்தில் தமிழ் எழுத்துருக்கள் உலவிய காலத்தில், கண்ணுக்கு அழகிய தமிழாகத் தெரிந்த பக்கம் திரைவாசிப்பானுக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியலாக இருந்தது. 2010-இல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது தமிழக அரசு பொதுக் குறியாக்கமாகிய யூனிகோடை ஏற்று ஆணையிட்டது பெரும் உபகாரம். ஆனால் அச்சிட்ட ஆணையை ஒளிநகல் எடுத்து, வெறும் படமாக இணையத்தில் ஏற்றும் வழக்கம் தொடரும் வரையில், அந்த உபகாரம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

அப்படியானால் விதிகளைத் தள்ளிவிட்டு, அவரவர் தேவையை அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாமே என்று சிலர் அபிப்பிராயப்படலாம். அது இன்னும் பெரிய அபாயம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ் இயற்றப்பட்ட விதிகளில் பதினைந்தாவது, கட்டாயமாக இருக்க வேண்டியதை வெறும் பரிந்துரையாக்கிவிட்டது என்று கண்ட உச்ச நீதிமன்றம், ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று, அது சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. எல்லாருக்கும் பொதுவான அணுகல் வசதியை முன்கூட்டியே செய்துவைப்பது ஒரு கடமை. அதற்கு மேலும் தனியொருவருக்கு வேண்டியதை நியாயமான அளவில் செய்துகொடுப்பது மற்றொரு கடமை. ஒன்றைச் செய்ததால் மற்றது தீர்ந்துவிடாது என்பதை அத்தீர்ப்பு தெளிவுபடுத்திற்று.

அடுத்த ஆண்டிலேயே அதே நீதிமன்றத்தில் பிரக்யா பிரசூன் வழக்கு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. வங்கிக் கணக்குத் தொடங்குவோர் உயிருள்ள மனிதர்தாம் என்று உறுதிசெய்யக் கண் சிமிட்டிக் காட்டச் சொல்கிறார்கள். மோசடியைத் தடுக்கும் அந்த உத்தேசம் குற்றமற்றது. எனினும் அமில வீச்சினால் இமைகளை இழந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? நீதிபதிகள் பார்திவாலாவும் மகாதேவனும் 2025 ஏப்ரல் 30 அன்று, மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதியே என்று அறிவித்து, இருபது கட்டளைகளைப் பிறப்பித்தார்கள். கண் சிமிட்டலுக்கு மாற்று வழி வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. இணையதளங்களையும் செயலிகளையும் வடிவமைக்கும்போதே பார்வையற்றவரைச் சோதனையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. விதியையும் தேவையையும் இணைக்கும் பாலத்தை இந்தக் கட்டளையிலேயே நான் காண்கிறேன்.

ஆகையால், அன்பர்களே, புதுச்சேரியில் பொதுப்பணத்தால் அமையும் ஒவ்வொரு இணையதளமும், திறப்பு விழாவுக்கு முன்னதாக, பார்வையற்ற ஒருவரும், செவித்திறன் குறைந்த ஒருவரும், கை நடுங்கும் முதியவர் ஒருவரும் தாமே அமர்ந்து ஒரு விண்ணப்பத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை நிரப்பிப் பார்த்து, நிறைவேறிற்று என்று சொன்ன பின்னரே மக்கள் முன் வரவேண்டும்; அந்தச் சோதனைக்கு வருவோருக்கு உரிய ஊதியமும் தரவேண்டும். தமிழில் வெளியாகும் ஆணைகள் படமாக அல்லாமல் எழுத்தாகவே ஏறவேண்டும். இதே ஆட்சிப்பகுதியைச் சேர்ந்த மாஹேயின் மலையாளத்துக்கும் ஏனாமின் தெலுங்குக்கும் அதே நியாயம் கிடைக்க வேண்டும். இடர்ப்பட்டவர் முறையிட ஒரு தொலைபேசி எண்ணும், பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் அலுவலரும் இருக்கவேண்டும். இவற்றை நம் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் துறைச் செயலர்களிடமும் எழுத்துமூலம் கேட்போம். கிடைக்கும் வரை விடாமல் கேட்போம் என்று உங்களை வேண்டி அமைகிறேன்.