குப்பையும் குற்றப்பணமும்



கண்ட இடத்தில் குப்பை கொட்டுவோர் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை. எட்டியாந்தோட்டைப் பக்கத்து ஓடையில் எறியப்படும் பொலித்தீன் பை களனி கங்கையைச் சேர்கிறது. இரத்தினபுரிப் பக்கத்தில் எறியப்படுவது களு கங்கையைச் சேர்கிறது. அடைபட்ட கானில் தேங்கும் நீர் நுளம்புக்குத் தொட்டிலாகிறது. 2017 ஏப்பிரல் 14ஆந் திகதி, புத்தாண்டு நாளன்று, கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. குப்பை சிறு காரியம் என்று இனி எவரும் சொல்வதற்கில்லை.

சட்டத்திலும் குறைவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், குப்பையை அகற்றுதல் சபையின் கடமை என விதிக்கிறது. துணைவிதிகளை இயற்றும் அதிகாரத்தையும் அதற்கு அளிக்கிறது. விதியை மீறியவர் நீதவான் முன்னிலையில் நிறுத்தப்பட்டுக் குற்றவாளியாகக் காணப்பட்டால், குற்றப்பணம் செலுத்த நேரிடும். முதலில் கடமை, அதன் பின்னரே தண்டனை. நியாயமான வரிசை இதுவே.

சப்பிரகமுவாவின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் இவ்வரிசை நெடுங்காலம் தலைகீழாயிருந்தது. சபைப் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட, அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக நின்றது. தோட்ட மக்கள் சபைக்கு வாக்களிக்கலாம். அதன் சேவையை உரிமையோடு கேட்க இயலாது. 2018இல் இப்பிரிவு திருத்தப்பட்டது. ஏட்டிலே தடை நீங்கிற்று. ஆயினும், குப்பை வண்டி மலையேறி லயத்து வாசலுக்கு வந்தாலன்றி, அத்திருத்தத்தின் பயன் மக்களைச் சேராது.

வண்டி வராத இடத்தில் குற்றப்பணம் மட்டும் வந்தால் என்னவாகும்? கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி வழக்குக்குப் போகும் நாளில் அவளுக்குப் பேர் விழாது. குற்றப்பணம் ஒருபுறம், இழந்த நாட்கூலி மறுபுறம். வீட்டுக் குப்பையை எங்கே போடுவது என்ற அவளது கேள்விக்கு மட்டும் விடை கிடைப்பதில்லை. இரவிலே வாகனத்தில் வந்து, இறப்பர் மலையோரத்தில் மூட்டைகளைத் தள்ளிவிட்டுப் போகிறவரோ அகப்படுவதில்லை. பழி அருகிலிருக்கும் லயத்தின் மீதே விழுகிறது.

ஆகவே, குற்றப்பணத்தைக் கைவிட வேண்டுவதில்லை. அதற்கு முன் செய்ய வேண்டியவற்றைச் செய்தல் வேண்டும். வண்டி எந்த நாளில், எந்த முடக்குக்கு வரும் என்பது ஒவ்வொரு டிவிசனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அறிவித்தல் தமிழிலும் இருத்தல் வேண்டும். 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தம் தமிழையும் நிருவாக மொழியாக்கியுள்ளதால், இது சலுகையன்று, உரிமை. கடைக்காரர், வாகனக்காரர், தோட்ட நிருவாகம், லயத்தார் ஆகிய எல்லோர்க்கும் விதி ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

மக்களுக்கும் கடமை உண்டு. சமையற் கழிவைக் குழியிலிட்டு மூடினால் வீட்டுத் தோட்டத்துக்குப் பசளையாகும். பொலித்தீனையும் போத்தலையும் வேறாகச் சேர்த்து வைத்தால் வண்டிக்காரருக்கும் வேலை எளிதாகும். இவ்வளவும் செய்த பின்னர் ஒருவர் ஓடையில் குப்பை எறிவாராயின், அவர் செலுத்தும் குற்றப்பணத்தை அநீதி என்று எவரும் கூறமாட்டார்.