பிடித்த கையை விட வேண்டும்



கோலார் தங்கவயல் தைரியசாலிகளின் ஊர். சாம்பியன் ரீப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் இறங்கி வேலை செய்தார்கள். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. பிறகு பலர் விடியற்காலையில் ரயில் ஏறி, பெங்களூருக்கு வேலைக்குப் போனார்கள். இன்றும் போகிறார்கள். ஆனால் பேங்கில் படிவம் எழுதச் சொன்னால் சிலருக்குக் கை நடுங்குகிறது. "நீயே எழுதிக் கொடுப்பா" என்கிறார்கள். படித்தும் இந்தப் பயம் ஏன்?

புதுக்கோட்டைக் கதையைக் கேளுங்கள். அங்கே 1991-இல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். கல் உடைக்கும் பெண்களும் வயல்வேலைப் பெண்களும் பழகினார்கள். சிலர் கேலி செய்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். அதுவும் நல்லதுதான். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் அதிகமான பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் வந்தார்கள்.

சைக்கிள் பழக்குகிறவர் என்ன செய்வார்? பின்னால் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவார். பிறகு சொல்லாமல் கையை விடுவார். சீக்கிரம் விட்டால் முட்டி தேயும். விடவே இல்லை என்றால் ஓட்ட வராது.

பேங்குப் படிவமும் அப்படித்தான். முதல் தடவை பக்கத்து வீட்டு அக்கா கூட உட்காரட்டும். ஆனால் அவர் எழுதித் தர வேண்டாம். தப்பு வந்தால் கிழித்துவிட்டு வேறு படிவம் வாங்கலாம். காசு கிடையாது. அடுத்த தடவை அக்கா வாசல் பக்கம் நிற்கட்டும். மூன்றாம் தடவை அவர் தன் வீட்டு வேலையைப் பார்க்கட்டும்.