மறந்த இரவுகளும் மீளும் நினைவும்
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில், சங்கிலியாரைப் பிரியேன் என்று சபதம் செய்தவர் சுந்தரமூர்த்தி நாயனார். திருவாரூரின் வசந்த விழா நினைவுக்கு வர, சபதத்தை மீறி ஒற்றியூரின் எல்லையைக் கடந்தார். அக்கணமே அவருடைய இரு கண்களின் ஒளியும் மறைந்தது என்று பெரியபுராணம் கூறுகிறது. இழந்த பார்வை எவ்வாறு மீண்டது என்பதே இங்குக் கருதத்தக்கது. திருவெண்பாக்கத்தில் முறையிட்டபோது இறைவன் கண்ணைத் தரவில்லை. ஓர் ஊன்றுகோலைத் தந்தருளினான். கோலூன்றி நடந்து காஞ்சியை அடைந்தபோது இடக்கண் கிடைத்தது. அதன் பின்னரும் நெடுவழி நடந்து, திருத்துருத்தியில் உடற்பிணி நீங்கப்பெற்ற பிறகே, திருவாரூரில் வலக்கண் கிடைத்தது. வெண்பாக்கத்துப் பழைய ஆலயம் இருந்த இடம் பூண்டி நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிட்டது. ஊன்றுகோல் அளித்த அப்பெருமான் ஊன்றீசுவரர் என்னும் திருப்பெயருடன் இன்று பூண்டியில் எழுந்தருளியிருக்கிறார்.

சுந்தரர் வரலாற்றில் மதுவுக்கு இடமில்லை. ஆயினும், மதுவை விட்டவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று அவ்வரலாற்றில் உண்டு. சன்னதியில் சத்தியம் செய்து, கையில் கயிறு கட்டிக்கொண்டு குடியை நிறுத்தியவர் ஒரு மாதம் கழித்து மனம் சோர்வதுண்டு. நன்கு அறிந்தவரின் பெயர் நாவில் வருவதில்லை. சாவியை வைத்த இடம் தெரிவதில்லை. ஒரே கணக்கை இருமுறை கூட்டினால் இரண்டு விடை வருகிறது. "விட்ட பிறகும் இப்படித்தான் என்றால் விட்டு என்ன பயன்?" என்ற எண்ணம் எழுகிறது. மீண்டும் கடை வாசலுக்கு இழுத்துச் செல்லும் எண்ணம் அது. காஞ்சிக்குப் போய்ச் சேருமுன்பே இரு கண்களையும் எதிர்பார்ப்பது போன்றது இது.

மது நினைவை இருவகையில் தாக்குகிறது. இவ்விரண்டையும் பிரித்து அறியாமையால் குடும்பங்களில் விளையும் துன்பம் மிகுதி.

முதலாவது, குடித்த இரவே அழிந்துபோவது. மூளையின் பக்க மடல்களின் உட்புறத்தில், கடற்குதிரையின் வடிவையொத்த ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதி உள்ளது. அன்றாட நிகழ்ச்சிகளைப் புதிய நினைவாகப் பதிவு செய்வதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. வெறும் வயிற்றில் விரைவாகக் குடிக்கும்போது இரத்தத்தில் மதுவின் அளவு திடீரென ஏறி, அப்பதிவு நின்றுபோகிறது. ஆனால் அம்மனிதர் மயங்கிக் கிடப்பதில்லை. நடக்கிறார், பேசுகிறார், கடன் வாங்குகிறார், சண்டையிடுகிறார், சில வேளை வண்டியும் ஓட்டுகிறார். மறுநாள் காலையில் "எனக்கு எதுவும் நினைவில்லை" என்கிறார். மனைவி அதனைப் பொய் என்று கருதுகிறார். பல வேளைகளில் அது பொய்யன்று. அரைகுறையாகப் பதிந்தவை ஒரு குறிப்புக் கிடைத்தால் திரும்பக்கூடும். பதியவே இல்லாதவை எத்தனை ஆண்டு கழிந்தாலும் திரும்புவதில்லை. எழுதப்படாத ஏட்டை எத்தனை முறை புரட்டினாலும் எழுத்துத் தோன்றாது அல்லவா? பொருளைக் கொடுத்துத் தன்னையே அறியாத நிலையை வாங்கும் பேதைமையைத் திருவள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் கடிந்தது இதனை நோக்கியே போலும்.

இரண்டாவது, நினைவாற்றலே தளர்ந்துபோவது. நாள்தோறும் பல ஆண்டுகள் குடித்தவருக்குப் புதியவற்றை மனத்தில் இருத்துதல், ஒருமுகப்படுதல், திட்டமிடுதல் ஆகியவை குன்றுகின்றன. இந்த ஆற்றல் பெரும்பாலோருக்குப் பெருமளவு திரும்புகிறது என்பதே ஆறுதலான செய்தி. அது ஒரே நாளில் நிகழ்வதில்லை. முதல் சில வாரங்களில் கவனம் தெளிகிறது. சுருங்கியிருந்த மூளைத் திசுக்கள் தொடர்ந்து வரும் மாதங்களில் ஓரளவு பருமனை மீளப்பெறுகின்றன. சில திறன்கள் மீள ஓராண்டும் அதற்கு மேலும் ஆகலாம். வயது முதிர்ந்தவருக்குத் தாமதமாகலாம். சிறிது குறை நின்றுவிடவும் கூடும். இடையில் மீண்டும் குடித்தால் நடந்த வழியெல்லாம் பின்னோக்கிப் போகும். மாலை அணிந்து ஒரு மண்டலம் விரதம் காத்து, மாலையைக் கழற்றிய அன்றே கடையை நாடுவோர் இதனை எண்ண வேண்டும். நாற்பத்தெட்டு நாளில் மனம் தெளியத் தொடங்கியிருக்கும், அவ்வளவே. தெளிவு தொடங்கிய வேளையில் அதனைக் கெடுத்துக்கொள்வது எத்துணை இழப்பு!

தயமின் எனப்படும் பி1 வைட்டமினைப் பற்றியும் அறிந்திருத்தல் நலம். மூளை தன் ஆற்றலுக்கு இதனைப் பெரிதும் நம்பியுள்ளது. குடிப்பவர் சரியாக உண்பதில்லை. உண்டதிலிருந்தும் இந்தச் சத்தைக் குடல் ஈர்ப்பதை மது தடுக்கிறது. குறைபாடு முற்றினால் நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகும், குழப்பம் உண்டாகும். 1881இல் ஜெர்மானிய மருத்துவர் வெர்னிக்கே இந்நோயை விவரித்தார். உடனே தயமின் ஊசி செலுத்தாவிடில், ரஷ்ய மருத்துவர் கோர்சகோவ் சில ஆண்டுகள் கழித்து விவரித்த நிலையான மறதி நோயாக அது மாறக்கூடும். அந்நோயாளி, நினைவில் உள்ள வெற்றிடத்தை நடவாத செய்திகளால் தாமறியாமலே நிரப்பிக் கூறுவார். மருத்துவமனையில் குடிப்பழக்கத்தை மானத்துக்கு அஞ்சி மறைக்கலாகாது. குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் தர வேண்டுமா என்று மருத்துவர் முடிவு செய்ய அச்செய்தி தேவை. தவிடு முழுதும் நீங்காத அரிசி, புழுங்கலரிசி, பருப்பு, நிலக்கடலை, எள் ஆகியவற்றில் இச்சத்து உண்டு. ஆயினும் நெடுநாள் குடித்தவருக்கு உணவு மட்டும் போதாது.

சத்தியம் செய்ய வருவோருக்கும் அவரை அழைத்து வருவோருக்கும் ஓர் எச்சரிக்கை. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தோன்றலாம். இரண்டு மூன்று நாட்களுக்குள் வலிப்பு வரலாம்; இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியலாம். இதனைத் தெய்வக் குற்றம் என்றோ பேய் பிடித்தது என்றோ கருதி வீட்டிலேயே வைத்திருத்தல் ஆகாது. உயிருக்கே ஊறு நேரும். உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இத்தகையவர் சத்தியம் செய்யுமுன்னரே மருத்துவரைக் காண்பது மேலும் நன்று. மருத்துவரிடம் போனதால் சத்தியத்துக்குக் குறைவொன்றும் இல்லை. 2022இல் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் என்னும் அரசின் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம்.

நினைவு மீளும் காலத்தில் உதவும் ஊன்றுகோல்கள் எளியவை. சட்டைப் பையில் ஒரு சிறு குறிப்பேடு, சாவிக்கும் பணப்பைக்கும் மாறாத ஓரிடம், குறித்த நேரத்தில் உணவு, நாள்தோறும் நடை. உறக்கத்தின்போதுதான் பகலில் கற்றவை மனத்தில் உறுதிப்படுகின்றன. குடியை விட்ட பிறகு உறக்கம் சீராகச் சில மாதங்கள்கூட ஆகலாம். அதற்காக மருத்துவர் எழுதித் தராத தூக்க மாத்திரையைத் தேடினால், ஒரு தளையை விடுத்து மற்றொன்றில் சிக்குவதாக முடியும்.

இனி, ஆற்றல் மீண்ட பின்னும் மீளாத அந்த இரவுகள். அவை குடித்தவரிடம் இல்லையே தவிர, மனைவியிடம் உண்டு. கதவிடுக்கில் நின்று பார்த்த பிள்ளையிடம் உண்டு. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியிலிருந்து மீள முயன்ற இருவரால் தொடங்கப்பெற்று, தமிழகத்திலும் கூட்டங்கள் நடத்திவரும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் பன்னிரு படிகளை வகுத்துள்ளது. தம்மால் தீங்குற்றோரின் பட்டியலை எழுதுவது எட்டாம் படி. அவர்களுக்கு மேலும் துன்பம் நேராத வகையில் ஈடு செய்வது ஒன்பதாம் படி. நினைவில் இல்லாத தீங்கைப் பட்டியலில் எழுதுவது எவ்வாறு? பிறரிடம் கேட்டே அறிய வேண்டும். "நினைவில்லை" என்பது உண்மையாயினும், அது விடையாகாது. "எனக்கு நினைவில்லை; நடந்ததை நீ சொல், கேட்கிறேன்" என்று கூறுவதற்குத் துணிவு வேண்டும். மனைவி சொல்லத் தொடங்கினால், அப்படி இருந்திராது என்று மறுக்காமல், முடிக்கும்வரை இடைமறிக்காமல் கேட்டிருக்க வேண்டும். பிள்ளைகள் சொல்ல விரும்பாவிடில் வற்புறுத்தலாகாது. அவர்கள் தாமே வந்து சொல்லும் நாளில், அதைக் கேட்கத் தெளிந்த மனத்துடன் தந்தை வீட்டில் இருத்தல் வேண்டும்.