கதிராமங்கலத்துத் தண்ணியும் ஆயிரம் பதிலும்

இன்னைக்குக் கொஞ்சம் கணக்கு இருக்கு. பெருக்கல், வகுத்தல் தெரிஞ்சா போதும்.

2017 ஜூன் 30. தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்துல ஓஎன்ஜிசி குழாய்ல இருந்து வயல்ல கச்சா எண்ணெய் கசிஞ்சது. அதுக்கப்புறம் நடந்த போராட்டம், கைது எல்லாம் நியூஸ்ல பார்த்திருப்பீங்க. எங்க நிலத்தடி நீர் கெட்டுப்போச்சுன்னாங்க ஊர் மக்கள். எங்களால இல்லைன்னு ஓஎன்ஜிசி மறுத்தது. எனக்கு இதுல முக்கியமாப் படுற கேள்வி வேற: ஒரு இடத்துல கொட்டினது பக்கத்துத் தெரு கைபம்புக்கு எப்போ வரும், அதை எவ்வளவு உறுதியா சொல்ல முடியும்?

இதுக்குக் கம்ப்யூட்டர் மாடல்கள் இருக்கு. அமெரிக்க புவியியல் ஆய்வு நிறுவனத்தோட மோட்ஃப்ளோ இலவசம், நம்ம லேப்டாப்லயே ஓடும். அடிப்படை, 1856ல ஆன்ரி டார்சி மணல் வழியா தண்ணி விட்டுக் கண்டுபிடிச்ச விதி. மண் எவ்வளவு தண்ணி விடும்ங்கிறதை நீர்மட்டச் சரிவால பெருக்கி, மண்ணுல இருக்கிற இடுக்கால வகுத்தா, தண்ணியோட வேகம் வந்துடும்.

உதாரணத்துக்கு நானே எண்கள் போடுறேன். 1,000 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு, மண்ணுல கால்வாசி இடுக்கு. மண் விடுறது நாளைக்கு 10 மீட்டர்னா, 200 மீட்டர் தள்ளி இருக்கிற பம்புக்கு வர கிட்டத்தட்ட 14 வருஷம். அதை 50 ஆக்குங்க, மூணு வருஷம் கூட ஆகாது. களிமண் மாதிரி 0.1னு வெச்சா 1,300 வருஷத்துக்கு மேல! மாத்தினது ஒரே ஒரு எண்.

டெல்டாவுல இந்த வித்தியாசம் நிஜம். காவிரி பாதை மாத்தி மாத்தி ஓடி, களியும் மணலுமா அடுக்கிட்டுப் போயிருக்கு. பில்டர் பாயின்ட் இறக்குறவங்களைக் கேட்டுப் பாருங்க, நாலு வயலுக்குள்ள மண்ணு எப்படி மாறுதுன்னு நம்மளவிட நல்லா சொல்வாங்க.

அதனால மாடலை ஆயிரம் தடவை ஓட்டுவாங்க, அந்த எண்ணை ஒவ்வொரு தடவையும் சீட்டு குலுக்கின மாதிரி மாத்தி. பேரு மான்டி கார்லோ. ஆயிரத்துல 120 தடவை பத்து வருஷத்துக்குள்ள பம்புக்கு வருதுன்னு வைங்க, அது 12 சதவீத வாய்ப்பு. ‘சராசரியா 14 வருஷம்’னு மட்டும் சொன்னா இந்த 12 மறைஞ்சுடும். அந்தத் தண்ணியக் குடிக்கிறவங்களுக்குச் சராசரி எதுக்குங்க?

ஆனா கோடு எழுதுற நமக்கு ஒரு வியாதி, ஆயிரம் தடவை ஓடிச்சுன்னாலே நம்பிடுவோம். கீழ புதைஞ்சு கிடக்கிற பழைய ஆத்து மணல் மாடல்லயே இல்லைன்னா, ஆயிரம் பதிலும் ஒத்துமையா தப்பா இருக்கும். மேட்டூர் திறக்கிறதுக்கு முன்னாடியே குறுவைக்கு எல்லாரும் மோட்டார் போட்டா, நீர்மட்டச் சரிவு திசையே மாறலாம். வருஷ சராசரியைப் போட்ட மாடலுக்கு அது தெரியாது. எண்ணெய் வேற தண்ணி மேல மிதக்கும், பென்சீன் மாதிரி சிலது மட்டும் கரையும், கொஞ்சத்தை பாக்டீரியா தின்னுடும். என் கணக்குல இது எதுவுமே இல்ல.

அப்போ மாடல் வேஸ்ட்டா? இல்ல. எந்த எண் தெரியாததால பதில் இவ்வளவு விரிஞ்சு கிடக்குன்னு அது காட்டும். அடுத்த கண்காணிப்புக் கிணத்தை அங்க போடலாம். ‘பாதிப்பு இல்லை’ன்னு ரிப்போர்ட் வந்தா நான் கேட்பேன்: எத்தனை கிணறு, எந்த ஆழம், எந்த மாசம்? ஒரே ஒரு சாம்பிள்னா, அன்னைக்கு அங்க தட்டுப்படலைன்னு மட்டும்தான் அர்த்தம். அதே மாதிரி மஞ்சத் தண்ணி எல்லாம் எண்ணெயும் இல்ல, இரும்பு இருந்தாலும் அப்படி ஆகும்.

2020 சட்டம் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கி, புது எண்ணெய்த் திட்டங்களைத் தடுத்தது. ஏற்கெனவே ஓடிட்டிருந்தது அதுல வராது. அந்தப் பக்கம் ஊர் இருக்கிறவங்க, எதுவும் நடக்காத இப்பவே பம்புத் தண்ணியை டெஸ்ட் பண்ணி ரிசல்ட்டை எடுத்து வைங்க. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் இருக்கு. சாதாரண குடிநீர் டெஸ்ட்ல எண்ணெய் பார்க்க மாட்டாங்க, அது எங்க பண்ணுவாங்கன்னு தனியாக் கேட்கணும்.