ஒலிக்கும் ஒரு பாயிரம் வேண்டும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, புகைவண்டி நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் எழுத்தனாகப் பிழைப்பவன். ஆகையால் என் தொழிலிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்களிடம் வரும் ஒவ்வொரு மூட்டையின்மீதும் புறப்படும் நிலையம், சேரும் நிலையம், ரசீது எண், மொத்த உருப்படி ஆகியவை எழுதப்பட்டிருத்தல் வேண்டும். எழுத்தழிந்த மூட்டை, உள்ளே பட்டுப் புடவையே இருப்பினும், உரியவரற்ற சரக்காகி மூலையில் கிடக்கும்.

நம் இளைஞர்கள் பெரியோர்களின் பேச்சைக் கைப்பேசியில் பதிந்து, 'பாட்காஸ்ட்' எனப்படும் வலையொலியாகப் பகுதி பகுதியாக வெளியிடுகின்றனர். மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மிளகும் சுக்கும் நிறுத்தவர்கள், போர்ட் கொச்சி தோபிகானாவில் சலவைத்தொழில் செய்த குடும்பத்தார் ஆகியோரின் நினைவுகள் அவை. போற்றத்தக்க பணி. ஆனால் அம்மூட்டைகளுக்குச் சீட்டு எழுதினோமா?

என் பெரியப்பா, தாம் முதன்முதல் மட்டாஞ்சேரிக்கு வந்த வரலாற்றை ஒரு மழைநாள் மாலையில் நாற்பது நிமிடம் சொன்னார். பதிந்துகொண்டேன். கைப்பேசி அதற்கு இட்ட பெயர் வெறும் எண். அவர் மறைந்தபின் ஒருநாள், இடம் போதவில்லையென்று பெயரற்ற கோப்புகளை நானே அழித்தேன். அதுவும் அவற்றோடு போயிற்று. ஊராரின் மூட்டைக்கெல்லாம் சீட்டுப் பார்ப்பவன், என் வீட்டுச் சரக்குக்கு எழுதவில்லை. அந்த வருத்தமே இவ்வுரைக்குக் காரணம்.

கோப்பின் பெயர், மூட்டையின்மேல் சுண்ணக்கட்டியால் எழுதியது போன்றது. வாட்சப்பில் கைமாறும்போது அது மாறிவிடுவதுண்டு. 'டேக்' என்பதோ மூட்டைக்குள்ளேயே வைத்துத் தைத்த சீட்டு. எம்பி3 கோப்புகளுக்கு 1996இல் எரிக் கெம்ப் என்பவர் 'ஐடி3' என்னும் முறையை வகுத்தார். கோப்பின் கடைசியில் 128 பைட் இடம். அதில் தலைப்புக்கு 30, பேசுவோர் பெயருக்கு 30, தொகுப்பின் பெயருக்கு 30. யூடிஎஃப்-8 முறையில் 'மட்டாஞ்சேரி' என்னும் ஒரு சொல்லே 33 பைட்! நம் ஊர்ப் பெயரே அதில் அடங்காது. 1998இல் வந்த இரண்டாம் பதிப்பு கோப்பின் தொடக்கத்தில் அமைந்து, நீண்ட தமிழ்ப் பெயர்களையும் ஏற்கிறது. ஆகவே அதனையே கொண்டு, யூனிகோடில் எழுதுக.

கணினியில் 'எம்பி3டேக்', 'கிட்3' ஆகிய செயலிகள் இதற்கு உதவும். கைப்பேசிப் பதிவுகள் பல எம்4ஏ வகையின. அவற்றின் சீட்டு வேறு அமைப்பினதாயினும் இச்செயலிகளே அதனையும் எழுதும்.

நிரப்பும் முறை இது. 'ஆல்பம்' என்னுமிடத்தில் தொடரின் பெயர். எல்லாப் பகுதிக்கும் ஓரெழுத்தும் பிசகாமல் ஒன்றே. 'ஆர்ட்டிஸ்ட்' என்னுமிடத்தில் பேசியவர் பெயர். தலைப்பெழுத்தை ஒருமுறை 'இரா.' என்றும் மறுமுறை 'ஆர்.' என்றும் எழுதினால், கருவி ஒருவரை இருவராக்கிவிடும். 'ட்ராக்' என்னுமிடத்தில் பகுதி எண். தலைப்பின் முன்னும் 001, 002 என்றே எழுதுக. வெறும் 1, 2 என்றால், எழுத்து வரிசையில் அடுக்கும் கருவிகளில் பத்தாம் பகுதி இரண்டாம் பகுதிக்கு முன்னே வந்து நிற்கும். ஆண்டுக்குப் பதிந்த ஆண்டு. குறிப்புக்கு எவ்விடத்தில், யார் கேட்க, எதைப் பற்றிப் பேசினார் என்பது.

அன்பர்களே, இது நமக்குப் புதிதன்று. நூலுக்குச் சிறப்புப் பாயிரம் வேண்டுமென்று நன்னூல் விதிக்கிறது. இயற்றியவர் யார், நூலின் பெயர் யாது, பொருள் யாது, யாருக்காக, பயன் என்ன என எட்டுச் செய்திகளை அது சொல்லவேண்டும். டேக் என்பது ஒலிக்கு எழுதும் பாயிரமேயாகும்.

குறுந்தொகையின் 40ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயரை நாம் அறியோம். பாட்டில் வரும் உவமையைக் கொண்டு செம்புலப்பெயனீரார் என்கிறோம். பாட்டு வாழ்ந்தது, பெயர் மறைந்தது. அது பெரும்புலவரின் பாட்டு. ஆதலால் உவமையே பெயராயிற்று. நம் வீட்டுப் பாட்டிமார்க்கு அப்பேறு கிட்டுமா?

இன்றிரவு வீடு திரும்பியதும் ஒரே ஒரு பதிவைத் திறந்து, பேசியவர் பெயரை எழுதுங்கள். மற்றவை நாளை ஆகட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!