கூரை ஒன்று, வகுப்பு ஐந்து



பட்டதாரிகளை வாழ்த்துவதற்கு முன் பெற்றோர்களுக்கு ஒரு சொல். பூண்டு எடுக்கவும் கேரட் லோடு ஏற்றவும் ஆள் கிடைக்காத நாளிலும் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பிவைத்தவர்கள் நீங்கள். உங்கள் பிள்ளைகள் போட்டிருக்கும் கறுப்பு அங்கியில் பாதி உங்களுக்குச் சேர வேண்டியது.

இனி உங்களிடம் வருகிறேன், ஆசிரியர்களே. நுண்நிலைக் கற்பித்தல் என்ற பெயரில் வகுப்புத் தோழர்களையே எட்டாம் வகுப்புப் பிள்ளைகளாக உட்காரவைத்துப் பாடம் நடத்தியிருப்பீர்கள். அவர்களும் அடக்கமாகக் கை தூக்கி, கேட்டதற்குச் சரியான விடை சொல்லியிருப்பார்கள். பிறகு உண்மையான பள்ளிக்குப் போனீர்கள். அங்கே ஆர்வமாகக் கை தூக்கிய பையன், "சார், வெளிய போகணும்" என்றான். ஆசிரியப் பயிற்சி அந்த நொடியில்தான் தொடங்குகிறது.

ஓராண்டுப் படிப்பாக இருந்த பி.எட். 2015 முதல் ஈராண்டுப் படிப்பாயிற்று. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் வகுத்த விதிகள் அதற்குக் காரணம். முதலாண்டில் 4 வாரம், இரண்டாமாண்டில் 16 வாரம், ஆக 20 வாரம் பள்ளியில் இருந்தே தீர வேண்டும் என்று அந்த விதிகள் சொல்கின்றன. ஆசிரியரை வகுப்பறைதான் உருவாக்குகிறது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் வகுப்பறையில் நின்றால் மட்டும் போதுமா? முப்பது ஆண்டு நின்றும் ஒன்றும் கற்காமல் ஓய்வு பெற்றவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கே நின்று என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

கொடைக்கானலில் பள்ளிக்கூடம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் போர்டிங் ஸ்கூல்தான் நினைவுக்கு வரும். 1901-இல் தொடங்கிய சர்வதேசப் பள்ளி இந்த ஊரில்தான் இருக்கிறது. உங்களுக்கோ பூம்பாறையும் மன்னவனூரும் தாண்டிக்குடியும் அவற்றைத் தாண்டிய சிற்றூர்களின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளும்தான் கண்ணுக்குள் வரும். உங்களில் தொடக்கக் கல்விப் பட்டயமும் முடித்த சிலர் அங்கேதான் வேலைக்குப் போவீர்கள். போனதும் ஒன்று தெரியும். நீங்கள் எழுதிப் பழகிய பாடக்குறிப்பில் "வகுப்பு: 4" என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தப் பள்ளியில் நான்காம் வகுப்பு என்று தனியாக ஓர் அறையே இருக்காது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கில், தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். வகுப்போ ஐந்து. ஒருவர் வட்டார வள மையத்தில் கூட்டத்துக்குப் போய்விட்டால் மிச்சம் ஒருவர். ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை அத்தனை பிள்ளைகளும் அந்த ஒருவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இதற்கு நம்மைத் தயார் செய்யவில்லையே என்று அன்று உங்களுக்குத் தோன்றும். அதற்கு முன்னாலேயே சொல்லிவைக்கிறேன்: அந்த அறை நம் மண்ணின் மிகப் பழைய வகுப்பறை. உலகத்தின் சில பெரிய கல்விச் சிந்தனைகள் அந்த அறையிலிருந்து கிளம்பியவை. அவற்றில் ஒன்று வளர்ந்தது இந்த மலையில்.

முதலில் கீழே சமவெளிக்குப் போவோம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வகுப்புப் பிரிவு கிடையாது. பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்கு மணலில் எழுத்துப் போட்டுக் காட்டுவான். வாத்தியார் அசந்த நேரத்தில் சட்டாம்பிள்ளை பள்ளியை நடத்துவான். 1789-இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், பிள்ளைகள் இப்படி மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். அவருடைய உதவி ஆசிரியர்கள் மறுத்துவிட்டார்கள். அவரோ எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். அவன் சொல்லிக்கொடுத்தான், பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள்.

பெல் 1797-இல் இதைப் புத்தகமாக எழுதினார். "மெட்ராஸ் முறை" என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுவதும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர். நம் திண்ணைக்குக் கிடைத்த இந்தப் பெருமையோடு கதையை நான் முடித்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே போன பிறகு அதற்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், மேடையில் ஒரே ஒரு ஆசிரியர், வரிசைக்கு ஒரு சட்டாம்பிள்ளை, மணி அடித்தால் எழுது, மணி அடித்தால் நிறுத்து. குறைந்த செலவில் நிறையப் பேருக்குக் கல்வி என்று ஆட்சியாளர்களுக்கு மகிழ்ச்சி. சொல்லிக்கொடுக்கும் பிள்ளைக்குப் புரிந்ததா, கேட்கும் பிள்ளைக்குப் புரிந்ததா என்று பார்க்க அங்கே ஆளில்லை.

இப்போது மலைக்கு வருவோம். 1939 நவம்பரில் மரியா மாண்டிசோரி சென்னைக்கு வந்தார். பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்திருந்தார்கள். அடையாறில் ஓலைக் கொட்டகை போட்டு, இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் வந்த சுமார் 300 பேருக்கு ஆசிரியப் பயிற்சி நடந்தது. அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார், மகன் மாரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பார். சில மாதம் இருந்துவிட்டுத் திரும்புவதாகத்தான் திட்டம். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், ஆங்கிலேய அரசின் கண்ணில் இருவரும் எதிரி நாட்டவர் ஆனார்கள். முசோலினியோடு ஒத்துப்போக முடியாமல் சொந்த நாட்டை விட்டு வெளியேறியவர் என்பதெல்லாம் காவல்துறைக் கணக்கில் வராது. மகன் அகமதுநகர் முகாமுக்குப் போனார், தாய் அடையாறு வளாகத்துக்குள் முடக்கப்பட்டார். அவருடைய எழுபதாவது பிறந்தநாளையொட்டி மகனை விடுவித்தார்கள். 1942 முதல் 1944 வரை அவர்கள் வாழ்ந்த இடம் நம் கொடைக்கானல்.

ரோமில் 1907-இல் தொடங்கிய தம் முதல் குழந்தைகள் இல்லத்திலேயே மூன்று வயதுப் பிள்ளையையும் ஆறு வயதுப் பிள்ளையையும் ஒரே அறையில் வைத்தவர் அவர். இங்கே அவரிடம் வந்த பிள்ளைகளும் பல வயதினர். இலங்கையிலிருந்து வந்த லீனா விக்ரமரத்ன என்ற ஆசிரியர் அவரோடு பணிசெய்தார். பிள்ளைகள் காட்டுப்பாதையில் நடந்தார்கள். இலை, விதை, பூச்சி என்று கையில் அள்ளி வந்து கேள்வி கேட்டார்கள். அந்தக் கேள்விகளுக்கு ஈடுகொடுக்கத் தாவரங்களையும் விலங்குகளையும் வகைப்படுத்தும் அட்டைகளும் படங்களும் பெருகின. ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு உலகத்தை முழுமையாக முன்வைக்க வேண்டும், அதற்குள் ஒவ்வொரு பாடமும் தன் இடத்தைக் கண்டுகொள்ளட்டும் என்ற அவருடைய கல்விக் கொள்கை இந்த ஆண்டுகளில்தான் விரிவடைந்தது. இன்று பல நாடுகளில் மாண்டிசோரி தொடக்கப் பள்ளிகளில் நடக்கும் பாடத்தில் இந்த மலைக்காட்டின் பங்கு இருக்கிறது.

எழுபது வயதைக் கடந்தவர். உலகப் புகழ் பெற்றவர். அரசாங்கம் ஓரிடத்தில் உட்கார் என்று சொல்லிவிட்டது. அவர் என்ன செய்தார்? எதிரே இருந்த பிள்ளைகளைக் கவனித்தார். அவரிடம் பயிற்சிக்கு வருபவருக்குத் தந்த முதல் வேலையும் அதுதான். ஓரமாக உட்கார், குறுக்கிடாதே, பிள்ளை என்ன செய்கிறது என்று பார், எழுது. பெல்லின் கூடத்திலும் பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாக இருந்தார்கள், மாண்டிசோரியின் அறையிலும் இருந்தார்கள். அங்கே பெரிய பிள்ளை ஆசிரியரின் வேலையைக் குறைக்கும் ஆளானான். இங்கே பிள்ளைகள் தாமாகப் படித்ததால் ஆசிரியருக்குக் கவனிக்க நேரம் கிடைத்தது.

பிறகு மாண்டிசோரி என்ற பெயருக்கு நேர்ந்ததும் உங்களுக்குத் தெரியும். வாடகைக் கட்டடத்தில் கார்ட்டூன் படம் வரைந்து, கட்டணத்தை உயர்த்தி, வாசலில் மாண்டிசோரி என்று போர்டு மாட்டினால் போதும் என்றாகிவிட்டது. ஆனால் அந்தச் சிந்தனை அரசுப் பள்ளிக்கும் வேறு வழியாக வந்தது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது, மதனப்பள்ளி அருகே ரிஷி வேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான முறையையும் மாண்டிசோரி உபகரணங்களையும் எடுத்துக்கொண்டார்கள். 2007-08 வாக்கில் அது மாநிலமெங்கும் பரவியது. கற்றல் ஏணி, அட்டைகள், பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, பாயில் பிள்ளைகளோடு உட்காரும் ஆசிரியர். 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்ததும் வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் நிலையைப் பார்க்கத்தான். இவையெல்லாம் சில அறைகளில் உயிரோடு இருந்தன. சில அறைகளில் அட்டை எடுத்துக்கொடுத்து, பதிவேட்டில் டிக் அடிக்கும் வேலையாகச் சுருங்கின. அட்டை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கவனிக்கும் கண் இருந்ததா என்பதில்தான் வேறுபாடு.

கவனிப்பது என்றால் என்ன? மூன்றாம் வகுப்புப் பிள்ளை, இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழிப்பதைச் சொல்லிக்கொடுக்கிறாள். 52-இல் 27 போகிறது. நன்றாகச் சொல்கிறாள். அடுத்து, தன் சொந்தக் கணக்கில் 305-இல் 128 வருகிறது. பக்கத்து வீட்டில் கடன் கேட்கப் போனால் அங்கே பூஜ்ஜியம். திகைக்கிறாள், பூஜ்ஜியத்தைத் தாண்டி மூன்றிடமிருந்து வாங்கி நேராக ஒன்றாம் இடத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறாள். விடையை மட்டும் பார்க்கும் ஆசிரியர் சிவப்பு மையில் தப்பு போடுவார். கையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியருக்கு, அவள் முறையை மனப்பாடம் செய்திருக்கிறாள், நூறு என்பது பத்துப் பத்துகள் என்பது இன்னும் மனசில் ஏறவில்லை என்று தெரிந்துவிடும். மறுநாள் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளை அவள் முன் வைப்பார். டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் 150 கேள்விகள் வரும். அவற்றுக்குப் படியுங்கள், நன்றாக எழுதுங்கள், வேலைக்கு அது வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளையின் விரல் எங்கே நின்றது என்பதை எந்தக் கேள்வித்தாளும் உங்களுக்குக் காட்டாது.

இந்த ஊரில் ஒரு வானாய்வகம் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக, மேகம் விட்ட நாளிலெல்லாம் ஒரே சூரியனைப் படம் எடுத்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் என்ற வானியலாளர் 1909-இல் கண்டுபிடித்தது இங்கேதான். நேற்றுப் பார்த்த சூரியன்தானே என்று அவர் விட்டிருந்தால் அது நமக்குத் தெரிந்திருக்காது. நேற்றுப் பார்த்த பிள்ளைதானே என்று நீங்களும் விட்டுவிடாதீர்கள்.

இரண்டு எச்சரிக்கைகளும் சொல்ல வேண்டும். பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாகக் கற்பது நல்லது என்று நான் சொல்வதை, மலைப்பள்ளிக்கு ஓர் ஆசிரியர் போதும் என்று யாரும் திருப்பிவிடக் கூடாது. கவனிக்க நேரம் வேண்டும், நேரம் வேண்டுமென்றால் ஆள் வேண்டும். சட்டம் சொல்லும் இரண்டு பேர் என்பது குறைந்தபட்சம். காலியிடம் இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரோடு உட்கார்ந்து எழுதிக் கேளுங்கள்.

இன்னொன்று, பளியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்தும் தோட்ட வேலைக்கு இடம் மாறும் குடும்பங்களிலிருந்தும் வரும் பிள்ளைகள். அவர்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தால் ஒன்றும் தெரியாத பிள்ளை என்று முத்திரை குத்த நமக்கு ஒரு வாரம்கூட ஆவதில்லை. அந்தப் பிள்ளையோடு ஒருநாள் காட்டோரம் நடந்து பாருங்கள். எந்தக் கிழங்கை எப்போது தோண்டலாம், எந்த மரத்தில் தேனடை இருக்கும் என்று அது சொல்லும்போது, மாணவர் யார் என்று உங்களுக்குக் குழப்பம் வரும். அந்தக் குழப்பம் வரட்டும். பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இதுவரை நீங்கள் எழுதிய உற்றுநோக்கல் பதிவேடு மதிப்பெண்ணுக்காக. இனி ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். நாளுக்கு ஒரு பிள்ளை, நான்கு வரி. என்ன செய்தது, எங்கே நின்றது, எதைக் கேட்டது. அதிகாரி பார்க்க அல்ல, அழகான கையெழுத்தும் வேண்டாம். மாண்டிசோரி இந்த மலையில் பிள்ளைகளிடமிருந்து கற்றது உலகம் முழுவதும் போய்விட்டது. மன்னவனூர்ப் பிள்ளை எப்படிக் கற்கிறது என்பதை நம் ஆசிரியர் தமிழில் எழுதினால்தான் அடுத்த ஆசிரியருக்குக் கிடைக்கும். நோட்டு தீர்ந்ததும், பிள்ளைகளின் பெயர்களை மறைத்துவிட்டு, இந்தக் கல்லூரி நூலகத்துக்குக் கொடுங்கள். உங்களுக்குப் பின்னால் வருபவர்கள் கல்வி உளவியல் புத்தகத்தோடு அதையும் படித்துவிட்டுப் பள்ளிக்குப் போகட்டும். முதல்வர் அவர்கள் அதற்கென்று ஓர் அலமாரியை ஒதுக்குவதாக இந்த மேடையிலேயே சொல்லிவிட்டால், எனக்குப் பொன்னாடை போர்த்தியதைவிட அதிகம் மகிழ்வேன்.

பட்டம் பெற்ற உங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள்.