பானைத் தண்ணியும் ஒரு இட்லியும்

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே! சிறுவாணித் தண்ணி குடிச்சு, அதைப் போலவே இனிக்கப் பேசும் கோயமுத்தூர்ப் பெருமக்களே!

உடம்புக்கு உகந்தது பானைத் தண்ணீரா, பிரிட்ஜ் தண்ணீரா? இதுதான் வழக்கு. எதிரணியிலே அம்மா சொன்னாங்க: "ஐஸ் தண்ணியைச் சூடாக்க உடம்பு கொழுப்பை எரிக்கும். குடிச்சே இளைக்கலாம்!" எங்கள் அணித் தம்பியோ, "ஐஸ் தண்ணி குடிச்சா வயித்திலே கொழுப்பு உறைஞ்சு போகும்" என்றார். தம்பி, அதுவும் தப்பு! குடித்த தண்ணீர் கொஞ்ச நேரத்தில் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். உறைவதற்கு வயிறு என்ன ஐஸ் பெட்டியா? (சிரிப்பு)

இப்போ அம்மாவின் கணக்குக்கு வருவோம். ஒரு லிட்டர் தண்ணீரை 1 டிகிரி சூடேற்ற 1 கிலோ கலோரி வேண்டும். பிரிட்ஜ் தண்ணீர் 5 டிகிரி, உடம்பு 37 டிகிரி. 2 லிட்டர் குடித்தால் 64 கிலோ கலோரி. ஏறக்குறைய ஒரு இட்லி! "இன்னும் ஒண்ணு வைக்கட்டுங்களா?" என்று கேட்டு வைத்தால் கணக்கு நேராயிடுச்சு. (கைதட்டல்) ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கிலோ கலோரி. அப்படியானால் 120 நாள் குடிக்கணும், அந்த இட்லியும் இல்லாமல்!

2003-ல் பெர்லின் ஆய்வாளர்கள், அரை லிட்டர் தண்ணீர் குடித்தால் உடம்பு எரிக்கும் வேகம் 30 சதவீதம் கூடுகிறது என்றார்கள். 2006-ல் சுவிட்சர்லாந்தில் அளந்து பார்த்தபோது, 3 டிகிரிக் குளிர் நீருக்கே 4.5 சதவீதம்தான்.

தமிழ் வாத்தியாருக்குக் கணக்கு எதுக்குங்கன்னு கேட்பீங்க. காரணம் என் வீட்டிலே இருக்கு. என் மனைவிக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது, தினம் அரை மணி நேரம் நடங்க என்றார் டாக்டர். பத்து நாள் நடந்தாங்க. அப்புறம் யாரோ சொன்னாங்கன்னு பிரிட்ஜ் நிறைய பாட்டில். "ஏனுங்க, இதைக் குடிச்சாலே போதுமாமுங்க!" நானும் சிரித்துக்கொண்டே சும்மா இருந்தேன். மூன்று மாதத்தில் சர்க்கரை எல்லை தாண்டிவிட்டது. குற்றம் தண்ணீர் மீது இல்லை. நடையை நிறுத்த அதைச் சாக்காக்கிய அவங்க மேலேயும், பார்த்துக்கொண்டிருந்த என் மேலேயும்தான்.

மண்பானை மேலே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. பல் கூசாமல் ஒரு சொம்பு முழுக்கக் குடிக்கலாம். தாகம் தீர்ப்பேன் என்கிறது, தீர்க்கிறது. இளைக்க வைப்பேன் என்று ஆசை காட்டுவதில்லை!

இப்போது காலையில் ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் நாங்கள் இருவரும் நடக்கிறோம். வீட்டுக்கு வந்து பானையில் மோந்து ஆளுக்கொரு சொம்பு குடிக்கிறோம். அந்தப் பானைக்கே தீர்ப்பு வழங்குமாறு நடுவரை வேண்டி அமர்கிறேன்.